நைரோபி முதல் கேப் டவுன் வரை: சொந்த வண்டியைக் கப்பலில் அனுப்புவதா, அங்கேயே வாங்குவதா?

தூரவழி:
அடுத்த வருடம் நானும் மச்சானும் நைரோபியில் தொடங்கி தான்சானியா, ஜாம்பியா, போட்ஸ்வானா, நமீபியா வழியாகக் கேப் டவுன் போவதாகத் திட்டம். ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர். கெய்ரோவிலிருந்தே இறங்கத்தான் ஆசை. 2023 ஏப்ரலில் சூடானில் போர் தொடங்கியதும் அந்த வழியை விட்டுவிட்டோம். இருவரிடமும் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 பைக் இருக்கிறது. அதைச் சென்னையிலிருந்து கென்யாவின் மொம்பாசா துறைமுகத்துக்கு அனுப்பலாம் என்பது என் கட்சி. நைரோபியிலேயே சின்ன வண்டி வாங்கிக்கொள்ளலாம் என்பது மச்சான் கட்சி. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காரன்:
தம்பி, யோசிக்கவே வேண்டாம், சொந்த வண்டிதான். கார்னே எடுத்துவிடுங்கள். அது வண்டிக்கான பாஸ்போர்ட் போல, ஒரு வருடம் செல்லும். எல்லையில் ஒரு தாளில் முத்திரை, வெளியேறும்போது இன்னொரு முத்திரை, அவ்வளவுதான். போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் ஒரே சுங்கக் கூட்டமைப்பில் இருப்பதால் அங்கே ஒரு முறை நுழைந்தாலே போதும். இதற்கு வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும், அது பெரிய தொகைதான். ஆனால் திரும்பி வரும் பணம். கெய்ரோ வழியை விட்டதில் ஒரு நன்மை, எகிப்துக்காக அந்தத் தொகை பல மடங்கு ஏறும் தொல்லை உங்களுக்கு இல்லை.

நைரோபிமீனா:
இங்கே வசிப்பவள் என்ற முறையில் உங்கள் மச்சான் பக்கம் பேசுகிறேன். மொம்பாசா துறைமுகத்தில் பெட்டி இறங்கிவிட்டால் உடனே வண்டி கையில் வந்துவிடாது. முகவர் கட்டணம், துறைமுக வாடகை என்று நாள் கணக்கில் காசு கரையும். விடுப்பு எடுத்து வருபவர்களுக்கு அந்த நாட்கள் காசைவிடப் பெரிது.

அப்புறம் பழுது. ஹிமாலயன் 450 நல்ல வண்டி, மறுக்கவில்லை. ஆனால் தண்ணீரில் குளிரும் என்ஜின், மின்னணு திராட்டில். தான்சானியா நடுவில் சிங்கிடா மாதிரி ஊரில் ஒரு சென்சார் போனால் யாரிடம் போவீர்கள்? பஜாஜ் பாக்ஸரும் நம்ம டிவிஎஸ் எச்எல்எக்ஸும்தான் இந்தப் பக்கத்து போடா போடா வண்டிகள், அதாவது வாடகை பைக்குகள். சின்னக் கிராமத்தில்கூட கிளட்ச் கேபிளும் செயினும் கிடைக்கும், மாட்டிவிட ஒரு பையனும் கிடைப்பான்.

கரிசல்காரன்:
மீனா, பழுது விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் சாலையில் என்ன நடக்கும் என்று பாருங்கள். தான்சானியாவின் இரிங்காவிலிருந்து ஜாம்பியா எல்லையான துண்டுமா வரை அது லாரிகளின் பாதை. ஜாம்பியா, காங்கோ செம்புச் சுரங்கங்களுக்கும் தாருஸ்ஸலாம் துறைமுகத்துக்கும் இடையே போகிற வரத்து அத்தனையும் அதில்தான். மூட்டை ஏற்றிய 150 சிசி வண்டி மேட்டில் திணறும்போது பின்னால் வரும் பேருந்து பொறுத்திருக்காது. நீங்கள்தான் ஓரத்து மண்ணில் இறங்க வேண்டும். முந்திச் செல்லும் வேகம் வண்டியில் இருப்பதும் ஒரு பாதுகாப்புதான்.

இன்னொன்று, கென்யாவில் உங்கள் பெயரில் பதிய அந்த நாட்டு வரி எண் வேண்டும். விற்றவர் பெயரிலேயே வண்டியை வைத்துக்கொண்டு ஓர் அங்கீகாரக் கடிதத்தோடு ஐந்து எல்லைகளைத் தாண்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சரி, தாண்டிவிட்டீர்கள் என்றே வைப்போம். கேப் டவுனில் அந்த வண்டியை என்ன செய்வீர்கள்? பழைய வண்டி இறக்குமதியைத் தென்னாப்பிரிக்கா மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. விற்கவும் முடியாது, விட்டுவிட்டு வரவும் முடியாது.

பழையபுல்லட்:
இருவரும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். எந்த மாதம் கிளம்புகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே! தான்சானியாவில் மார்ச் முதல் மே வரை பெருமழை. ஜாம்பியாவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை. அதனால் பலர் ஜூனில் கிளம்புகிறார்கள், கேப் டவுன் போய்ச் சேரும்போது அங்கே குளிர்கால மழை பிடித்துக்கொள்கிறது. ஆகஸ்ட் நடுவில் கிளம்பினால் அக்டோபரில் கேப்பில் வசந்தம். போட்ஸ்வானா, நமீபியாவில் வெயில் கொளுத்தும்தான், ஆனாலும் காய்ந்த சாலை கிடைக்கும்.

மிருகங்களையும் கணக்கில் எடுங்கள். நமீபியாவின் எட்டோஷா வனவிலங்குப் பூங்காவுக்குள் பைக்கை விட மாட்டார்கள், அதற்கு ஜீப் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஆனால் நமீபியாவின் பி8 நெடுஞ்சாலை புவாபுவாட்டா பூங்காவுக்குள்ளேயே 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகிறது. வேலி கிடையாது, யானை எந்த நிமிடமும் குறுக்கே வரும். 450 ஆனாலும் பாக்ஸர் ஆனாலும் பொழுது சாய்ந்த பிறகு அங்கே ஓட்டக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

நைரோபிமீனா:
கரிசல் அண்ணன் விற்பனை பற்றிச் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அதனால்தான் ஒருவழிப் பயணமே வேண்டாம் என்கிறேன். நைரோபியில் வாங்கி, உகாண்டா, ருவாண்டா, தான்சானியா சுற்றி, நைரோபியிலேயே விற்றுவிடுங்கள். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து ஒரே சுற்றுலா விசா உண்டு, 100 டாலர், 90 நாள். ருவாண்டாவில் மட்டும் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், கவனம். விக்டோரியா ஏரியைச் சுற்றி வரும் அந்தப் பாதையில் மலை, தேயிலைத் தோட்டம், மீன்பிடி ஊர்கள் என்று நாளுக்கு நாள் காட்சி மாறும். நமீபியாவில் நாள் முழுக்க ஒரே நேர்கோட்டில் ஓட்டுவதைவிட மனிதர்களோடு பழக நேரம் கிடைக்கும்.

கரிசல்காரன்:
அது அருமையான பயணம், ஆனால் வேறு பயணம். அவர் கேட்டது கேப் டவுன். கண்டத்தின் தென்கோடி மண்ணில் தன் வண்டியை நிறுத்த வேண்டும் என்று ஒருவர் ஆசைப்படுகிறார், அதை எப்படிச் செய்வது என்று சொல்வோம். அந்த நேர்கோட்டுச் சாலையில் ஓட்டத்தான் சிலர் வாழ்நாள் முழுக்கக் காசு சேர்க்கிறார்கள். கேப்பிலிருந்து வண்டியைக் கப்பலில் திருப்பி அனுப்பும் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள் தம்பி. காப்பீட்டுக்குக் கொமேசா மஞ்சள் அட்டை, அதாவது பல ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பொதுவான வாகனக் காப்பீட்டு அட்டை, கென்யா, தான்சானியா, ஜாம்பியா மூன்றிலும் செல்லும். போட்ஸ்வானாவுக்கும் அதற்குத் தெற்கேயும் செல்லாது, அங்கே தனி ஏற்பாடு.

தூரவழி:
எல்லோருக்கும் நன்றி. ஆகஸ்ட் என்று முடிவு செய்துவிட்டோம். வண்டி விஷயத்தில் நான் கரிசல் அண்ணன் பக்கம், மச்சான் இன்னும் மீனா அக்கா பக்கம். ஏரிச் சுற்றின் வரைபடத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார். மஞ்சள் காய்ச்சல் ஊசி எப்போது போட வேண்டும்?

நைரோபிமீனா:
போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கச் செல்லும். சென்னை என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். தென்னாப்பிரிக்காவும் கேட்கும். மலேரியா மாத்திரை பற்றி அதே சமயம் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். மச்சானிடம் சொல்லுங்கள், வரைபடத்தில் தான்சானியாவின் ஏரிக்கரை ஊரான புக்கோபாவைத் தவறவிட வேண்டாம்.