'மிஸ்சீஃப்': குறும்பா, சேதமா, வேறொன்றா?

நண்பர்களே,

1984ஆம் ஆண்டுப் பொதுச் சொத்து சேதத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தக் கோரும் சட்ட ஆணையத்தின் 284ஆம் அறிக்கையை (2024) தமிழில் சுருக்கிவருகிறோம். சேத மதிப்புக்கு ஈடான தொகையைக் கட்டினால்தான் ஜாமீன் என்பது முக்கியப் பரிந்துரை. அச்சட்டத்தில் குற்றத்தின் பெயராக வரும் 'மிஸ்சீஃப்' (mischief) என்ற சொல்லில்தான் முட்டுகிறது. அகராதி 'குறும்பு' என்கிறது. ஐந்தாண்டுச் சிறைக்குரிய குறும்பு! 'சேதப்படுத்தல்' போதுமா?
— ஆர்.கே.புரம், டெல்லி

> 'சேதப்படுத்தல்' போதுமா?

போதாது. 1984 சட்டம் இந்தச் சொல்லுக்குத் தனி வரையறை தரவில்லை, இந்திய தண்டனைச் சட்டம் (இ.த.ச.) 425ஆம் பிரிவின் பொருளையே எடுத்துக்கொள்கிறது. அதுதான் இப்போது, இ.த.ச.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், 324ஆம் பிரிவு. அதிலுள்ள எடுத்துக்காட்டைப் பாருங்கள்: நஷ்டப்படுத்தும் நோக்கத்தோடு பிறர் மோதிரத்தை ஆற்றில் எறிந்தால் குற்றம். மோதிரத்தில் கீறல்கூட விழவில்லை. பொருள் இருக்கும் நிலையையோ இடத்தையோ மாற்றி அதன் மதிப்பையோ பயனையோ குறைத்தாலே போதும். 'சொத்தழிப்பு' என்று வைத்தாலும் இதே மோதிரத்தில் அடிபடுகிறது.

'சேதம்' என்பதைத் தொகை சொல்லும் இடத்துக்கு விட்டுவைக்க வேண்டும். 324(4)இல் சேதம் 20,000 ரூபாய் முதல் 1 லட்சத்துக்குள் என்றால் 2 ஆண்டு வரை, 324(5)இல் 1 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 5 ஆண்டு வரை சிறை. (பழைய இ.த.ச. 427இல் வரம்பு வெறும் 50 ரூபாய்.) இல்லையேல் 'சேதம் விளைவிக்கும் சேதப்படுத்தல்' என்று எழுத வேண்டிவரும்.
— முனிர்கா

'சொத்துக்கெடுப்பு' எப்படி?
— மயூர் விஹார்

> சொத்துக்கெடுப்பு

'சொத்துக்கு எடுப்பு' என்றும் பிரியுமே ஐயா! 'சொத்துக்கேடு' என்றால் தானாகக் கெட்டதும் சேர்ந்துவிடும், செய்தவர் மறைந்துவிடுவார். 'இழைத்தல்' சேர்ந்தால் செய்தவரும் நோக்கமும் உள்ளே வந்துவிடுகின்றன: தீங்கிழைத்தல், துரோகமிழைத்தல் போல. எனவே 'கேடிழைப்பு'. சன்ஹிதாவின் 325ஆம் பிரிவுக்கு 'விலங்கைக் கொன்று கேடிழைத்தல்', 326க்கு 'தீயால் கேடிழைத்தல்' என்று நீட்டவும் இடம் தருகிறது. 'பிறர்' என்ற அடைமொழி வேண்டாம்: கடனுக்கு ஜப்தியாகப்போகும் தன் பொருளைத் தானே அழிப்பதும் இக்குற்றமே.
— முனிர்கா

சரி. முதலில் வருமிடத்தில் 'சொத்துக் கேடிழைப்பு', பிறகு 'கேடிழைப்பு'. அடிக்குறிப்பில் இதையும் சேர்க்கிறேன்: விபத்தில் பேருந்துக் கண்ணாடி உடைந்தால் சேதம் மட்டுமே, வேண்டுமென்று கல்லெறிந்து உடைத்தால் கேடிழைப்பு.
— ஆர்.கே.புரம்