உங்களுக்குப் பிடித்த கதை எந்த வகை? மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் பக்கத்து வாசகர்களின் அனுபவங்கள்

ஜெராய் அடிவாரத்தான்:

எனக்குச் சரித்திர நாவல்தான். அதிலும் கப்பல், துறைமுகம், கடற்போர் என்று வந்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம். இந்தப் பைத்தியம் தமிழ்நாட்டில் எத்தனையோ பேருக்கு உண்டு. ஆனால் பீடோங்கில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு அதில் கிடைக்கிற ஒரு சுகம் அங்கே இருப்பவர்களுக்குக் கிடைக்காது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தமிழ்ச் சரித்திர நாவல்களில் கடாரம் என்பது கடலுக்கு அப்பால் இருக்கிற ஊர். பாய்மரம் விரித்துப் பல நாள் போக வேண்டும். நடுவில் புயல் அடிக்கும், கொள்ளைக்காரர்கள் வழிமறிப்பார்கள். கதாநாயகன் போவான், வெல்வான், திரும்பிவிடுவான். மதுரையில் படிக்கிறவருக்கு அது ஒரு தூர தேசம். நான் அதைப் படித்ததே கடாரத்தில், அதாவது இன்றைய கெடாவில். எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்றால் ஜெராய் மலை தெரியும். 1,217 மீட்டர் உயரம். வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிகளுக்குக் கரை நெருங்கிவிட்டது என்று காட்டியது இந்த மலைதான். சாண்டில்யனின் கடல் புறாவில் காஞ்சனா தேவியைக் கடாரத்து இளவரசி என்று படித்தபோது, அட, நம்ம ஊர்ப் பெண் என்று ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதை எப்படிச் சொல்வது!

மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறதல்லவா, அங்கே பள்ளிக்கூடத்தில் ஒருமுறை பஸ் வைத்துக் கூட்டிப் போனார்கள். புக்கிட் பத்து பஹாட் சண்டியை, அதாவது பழங்காலக் கோயிலைக் காட்டினார்கள். 1930களில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்தப் பள்ளத்தாக்கைத் தோண்டி ஆராய்ந்ததையும், 1960 வாக்கில் அந்தக் கோயில் மறுபடி கல் அடுக்கிக் கட்டப்பட்டதையும் வாத்தியார் சொன்னார். அன்றைக்கு அது எனக்கு ஒரு கல் மேடை, அவ்வளவுதான். கடல் புறாவைப் படித்து முடித்த கையோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். அதே கல்தான். ஆனால் இப்போது படியில் ஒருவர் விளக்கோடு ஏறுகிறார், கீழே ஓடையில் ஒருவர் கால் கழுவுகிறார், ஆற்று முகத்துவாரத்தில் மூட்டை இறக்குகிறார்கள். கதை படிக்காமல் இருந்திருந்தால் அந்தக் கல்லுக்கு நான் ஆள் சேர்த்திருக்கவே மாட்டேன். 2013இல் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்த இன்னொரு சண்டியை வீடு கட்டும் நிலத்துக்காக இடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. சொந்தக்காரர் வீட்டை இடித்த மாதிரி இருந்தது.

இன்னொன்று. 1025இல் இராசேந்திர சோழன் படை கடாரத்துக்கு வந்தது. "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று மெய்க்கீர்த்தியில் இருக்கிறது. தஞ்சாவூர்க்காரருக்கு இந்த வரியில் பெருமைதான். மெர்போக் ஆற்றங்கரையில் நிற்கிற எனக்கு? அந்தக் கப்பல்கள் என் ஊரைத் தாக்க வருகின்றன. நான் பேசுவதோ வருகிறவர்களின் மொழி. என் கொள்ளுத்தாத்தாவும் கப்பலில் வந்தவர்தான், வாளோடு வரவில்லை. கங்காணி பின்னால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட வந்தவர். நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கினார். அதே நாகப்பட்டினத்தில்தான் கடாரத்து அரசன் சூடாமணி விகாரம் கட்டினான். பொன்னியின் செல்வனில் அருள்மொழிவர்மன் காய்ச்சலோடு கிடப்பது அந்த விகாரத்தில். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு இரண்டு கரையும் சொந்தமாகிவிடும். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் படிப்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது. வேறு எந்த வகைக் கதையும் எனக்கு அதைத் தந்ததில்லை.

ஒரு குறையும் உண்டு. இந்த நாவல்களில் கடாரத்துச் சாதாரண மனிதனுக்கு முகமே இல்லை. காவலன், படகோட்டி, அப்புறம் ஒரு அழகான இளவரசி. எங்கள் பக்கத்துச் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்த உலைக்குத் துருத்தி ஊதியவன் ஒரு விடியற்காலையில் சோழர் பாய்மரங்களைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பான்? அந்த நாவலை யாராவது எழுதினால் ஒரே மூச்சில் படித்துவிடுவேன்.

சுங்கைப்பட்டாணி அக்கா:

தம்பி, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு எனக்கே மெர்போக் போக வேண்டும் போல இருக்கிறது. ஆனால் நான் வேறு கட்சி. துப்பறியும் கதைதான் என் உயிர்.

எங்கள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடி வந்தோம். நான் எலெக்ட்ரானிக்ஸ் பெக்டரியில் சேர்ந்தேன். ராத்திரி ஷிப்ட் பஸ்ஸில்தான் என் வாசிப்பெல்லாம். மாத நாவல் யூனிபார்ம் பாக்கெட்டில் மடங்காமல் நிற்கும், அது பெரிய வசதி. பூஜை சாமான் விற்கிற கடையில் ஊதுபத்திக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். அட்டையில் அச்சடித்த ரூபாய் விலை மேல் மலேசிய வெள்ளிக்கணக்கில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கையில் எடுத்தாலே சாம்பிராணி வாசம்.

ராஜேஷ்குமார் கதைகளில் ஒரு கட்டமைப்பு உண்டு. ஒரு அத்தியாயம் ஒரு ஊரில் ஒரு கூட்டத்தைப் பற்றி. அடுத்த அத்தியாயம் சம்பந்தமே இல்லாத இன்னொரு இடத்தில். இப்படியே மாறி மாறி ஓடும். இரண்டும் எங்கே முட்டப்போகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் விளையாட்டு. பஸ்ஸில் மூன்று பேர் ஒரே புத்தகத்தை முறை வைத்துப் படிப்போம். முடித்தவள் வாயைத் திறக்கக் கூடாது. மற்ற இருவரும் கேன்டீனில் யார் கொலைகாரன் என்று பந்தயம் கட்டுவோம். தோற்றவள் மீ கோரிங் வாங்கித் தர வேண்டும். மணிக்கணக்கில் ஒரே சிப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து மரத்துப்போன மூளை, அந்த ஒரு முடிச்சுக்காக விழித்துக்கொள்ளும். இதைவிட ஒரு கதை வேறென்ன செய்ய வேண்டும்?

இந்த ருசியை எனக்குக் காட்டியது அப்பா. அவர் தமிழ்வாணனின் சங்கர்லால் ரசிகர். சங்கர்லால் தேநீர் குடித்துக் குடித்தே துப்பு துலக்குவார். அப்பா பால் வெட்டி முடித்து வந்து உட்கார்ந்தால், "சங்கர்லாலுக்கு ஒரு தே ஓ" என்று அம்மாவிடம் கேட்பார்.

மாத நாவலைக் குப்பை என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊர் நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்தது. அப்புறம் இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மலாய். என்னோடு படித்த பல பெண்கள் இன்றைக்குத் தமிழ்ப் பத்திரிகைத் தலைப்பையே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். நான் வேகமாகப் படிக்கிறேன் என்றால் காரணம் கொலைகாரன் யார் என்று தெரிந்துகொள்ளும் அவசரம்தான். அந்த அவசரத்தில்தான் என் தமிழ் தங்கியது.

லூனாஸ் ராத்திரிவாசி:

பேய்க்கதைக்கு ஆள் இல்லையா? நான் இருக்கிறேன்.

ஆனால் அச்சில் படித்த பேய்க்கதைகள் பாதிக்கு மேல் எனக்குப் பயம் காட்டவில்லை. பாழடைந்த ஜமீன் பங்களா, கொலுசுச் சத்தம், மல்லிகை வாசம். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் வெளியூர்ப் பேய். விடியற்காலை ஐந்து மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கித்தா (ரப்பர்) காட்டுக்குள் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே மர நிரைக்கு ஒரு கதை. எல்லையில் முனீஸ்வரர் காவல். அந்தக் காவலைத் தாண்டினால் பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண்பேய், செம்பருத்தியும் இல்லை மல்லிகையும் இல்லை, கம்போஜாப் பூ வாசத்தோடு வரும் என்று மலாய்க்காரக் கூட்டாளி சொல்வான். முனியும் பொந்தியானாக்கும் ஒரே காட்டில் இருப்பதாக நம்பித்தான் நாங்கள் வளர்ந்தோம். எங்கள் பாட்டி கதை சொன்னால் எந்த நிரை, எத்தனாவது மரம் என்று இடம் குறித்துத்தான் சொல்லும். அடுத்த நாள் அம்மாவுக்குப் பால் மங்கு (ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம்) துடைக்கப் போகும்போது அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு போவோம்.

பயத்தில் என்ன சுகம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பயந்த ராத்திரிகளில்தான் நாங்கள் அண்ணன் தம்பி எல்லோரும் ஒரே பாயில் ஒட்டிக்கொண்டு படுத்தோம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்:

எல்லோரும் சொன்னதை ரசித்தேன். நான் படிப்பது இந்த நாட்டுத் தமிழர் வாழ்க்கையைச் சொல்லும் நாவல்கள். குறிப்பாகச் சயாம் ரயில் பற்றியவை. இதில் என்ன சுகம் இருக்க முடியும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஜப்பான்காரர்கள் 1942-43இல் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். வெள்ளைக்காரக் கைதிகளைப் பற்றிப் படமும் புத்தகமும் நிறைய உண்டு. நம் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போன பல்லாயிரம் தமிழர்களைப் பற்றி உலகம் அதிகம் பேசவில்லை. என் அம்மாவின் அண்ணனும் போனவர், திரும்பவில்லை. வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார்கள். "சயாமுக்குப் போனவர்" என்பதோடு முடிந்துவிடும்.

ஆர்.சண்முகம் எழுதிய சயாம் மரண ரயில் கையில் கிடைத்தபோது அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர். சாயங்காலம் அஞ்சடியில் (வீட்டு முன் நடையில்) உட்கார்ந்து நான் உரக்கப் படிப்பேன், அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார். முதலில் "ம்" மட்டும் கொட்டினார். போகப் போக இடையில் பேச ஆரம்பித்தார். "அப்போ அரிசி ஏது, மரவள்ளிதான்" என்றார். லாரி வந்து நின்ற இடத்தைச் சொன்னார். அண்ணன் ஏறும்போது என்ன சட்டை போட்டிருந்தார் என்று சொன்னார். ஐம்பது வருடம் வாயைத் திறக்காத மனுஷி! கதையில் வருபவர் வேறு யாரோ. ஆனால் அவருக்கு நடந்ததை ஒருவர் எழுதியிருக்கிறார், அச்சில் வந்திருக்கிறது, மகன் வாசிக்கிறான் என்றதும் அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. நான் ஒரு பக்கம் படித்தால் அவர் பத்து நிமிடம் பேசுவார். புத்தகம் மெதுவாக நகர்ந்தது. நகராவிட்டால் என்ன என்று இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு அ.ரெங்கசாமியின் நினைவுச் சின்னம், நம் கெடாக்காரர் கோ.புண்ணியவானின் கையறு எல்லாம் படித்தேன். எதைப் படித்தாலும் காதில் அம்மாவின் குரலும் சேர்ந்து ஓடுகிறது. மாணவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இதுதான்: இந்த வகை நாவலைத் தனியாகப் படிக்காதீர்கள், வீட்டில் வயதானவர் இருந்தால் உரக்கப் படியுங்கள்.

ஜெராய் அடிவாரத் தம்பி கேட்ட துருத்திக்காரன் கதையை நானும் வழிமொழிகிறேன்.

செமிலிங் பையன்:

நான் அறிவியல் புனைகதை. சுஜாதாவின் என் இனிய இயந்திராவில் வரும் ஜீனோ நாய்க்குட்டியில் விழுந்தவன், இன்னும் எழுந்திருக்கவில்லை. ஓர் இயந்திர நாய் இவ்வளவு அழகாகத் தமிழ் பேசுமா என்று வாயைப் பிளந்து படித்தேன். இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் படித்தேன். எதிர்காலம் என்றாலே அந்த மொழிகளில்தான் வரும் என்று இருந்தவனுக்கு அது தமிழிலும் வரும் என்று காட்டிய கதை அது. இப்போது எங்கள் பக்கத்துச் செம்பனைக் காட்டில் டிரோன் பறந்து மருந்து அடிக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஜீனோ இதைப் பார்த்தால் என்ன கிண்டல் அடிக்கும் என்றுதான் தோன்றும்.

ஆசிரியர் ஐயா, சயாம் மரண ரயில் உங்களிடம் இன்னும் இருந்தால் இரவல் தருவீர்களா? எங்கள் தாத்தாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை பீடோங் பசாருக்கு வருவேன். எங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.