யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தோன்றிய ஆண்டு எது? அது இத்தனை ஊர்களில் பரந்திருப்பது ஏன்?

வடமராட்சி வாசகி:
வணக்கம். எங்கள் பாடசாலை மலருக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளர்ச்சி பற்றிக் கட்டுரையொன்று எழுதி வருகிறேன். தோற்ற ஆண்டாகச் சிலர் 1974 ஐயும், வேறு சிலர் 1979 ஐயும் குறிப்பிடுகிறார்கள், எதை எழுதுவது? தலைமை வளாகம் திருநெல்வேலியில் இருக்க, நுண்கலை மருதனார்மடத்திலும், சித்த மருத்துவம் கைதடியிலும், விவசாயமும் பொறியியலும் கிளிநொச்சியிலும் இருக்கின்றன. ஆரம்பத்திலேயே இவ்வாறு திட்டமிட்டார்களா, அல்லது காலப்போக்கில் இப்படி அமைந்ததா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

கொக்குவிலான்:
இரண்டு ஆண்டுகளும் சரியானவையே. 1972 ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டிலிருந்த பல்கலைக்கழகங்கள் அனைத்தையும் இணைத்து, இலங்கைப் பல்கலைக்கழகம் என்ற ஒரே நிறுவனமாக்கியது. பேராதனை, கொழும்பு, வித்தியோதய, வித்தியாலங்கார, கட்டுபெத்த ஆகியவை அதன் வளாகங்களாயின. 1974 ஆகஸ்ட் 1 ஆம் திகதி ஆறாவதாகச் சேர்ந்ததுதான் யாழ்ப்பாண வளாகம். அதன் முதல் தலைவராகப் பேராசிரியர் க. கைலாசபதி பொறுப்பேற்றார், அன்றைய பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க அதே ஆண்டு ஒக்டோபரில் அதனைத் திறந்து வைத்தார். 1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டம் அந்த ஒற்றை அமைப்பைக் கலைத்தபோது, 1979 ஜனவரி 1 முதல் யாழ்ப்பாணம் தன்னாட்சியுள்ள பல்கலைக்கழகமாயிற்று, பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார். எனவே வளாகம் பிறந்தது 1974, பல்கலைக்கழகம் என்ற தகுதி கிடைத்தது 1979 என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

பரமேஸ்வராப் பழைய மாணவர்:
சட்டங்களை மட்டும் வைத்து இந்த வரலாற்றை எழுதினால் அது பாதி வரலாறாகவே இருக்கும் என்பது என் உறுதியான கருத்து. தங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை, வளாகம் எவருடைய நிலத்தில், எவருடைய கட்டடங்களில் தொடங்கியது என்பதில்தான் இருக்கிறது. திருநெல்வேலியில் இன்று தலைமை வளாகம் இருக்கும் இடம், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியாகும். பெண்களுக்காக 1913 இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியைத் தொடங்கியவர், ஆண்களுக்காக எழுப்பிய கல்லூரி இது. பல்கலைக்கழகத்தினுள் நிற்கும் பரமேஸ்வரன் ஆலயமும், வாயிலுக்கு முன்னுள்ள இராமநாதன் வீதியின் பெயரும் இந்தத் தொடர்பை இன்றும் நினைவூட்டுகின்றன.

அந்த ஒரு நிலம் போதவில்லை. ஆகவே விஞ்ஞான பீடம், வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவு இயங்கிய கட்டடங்களில் தொடங்கி, பின்னரே திருநெல்வேலிக்கு வந்தது. மருதனார்மடத்தில் 1960 இல் தொடங்கப்பட்ட இராமநாதன் இசைக் கழகம் 1975 இல் வளாகத்துடன் இணைக்கப்பட்டது. நுண்கலை இன்றும் அங்கேயே கற்பிக்கப்படுவதற்கு அதுவே காரணம். 1978 இல் மருத்துவ பீடம் தொடங்கியபோது, அதற்கும் தனிக் கட்டடம் இல்லாமையால், கைதடி ஆயுர்வேத வைத்தியசாலையில்தான் முதல் தொகுதி மாணவர்கள் கற்கத் தொடங்கினார்கள். சுருங்கச் சொன்னால், கட்டடங்கள் எழும்வரை காத்திருக்காமல், கிடைத்த இடங்களில் வகுப்புகளைத் தொடங்கிவிட்டார்கள். பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மொழிவாரியாகவும் மாவட்டவாரியாகவும் மாற்றியமைத்த தரப்படுத்தலால் எத்தனையோ மாணவர்களின் அனுமதி பறிபோயிருந்த அந்த ஆண்டுகளில், காத்திருக்க எவருக்கும் மனமிருக்கவில்லை.

நெய்தல்நிலத்தான்:
மேலே எழுதியவர்களுக்கு நன்றி. ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இடம் பற்றிய விவாதம் 1974 க்கு மிக முன்னரே இருந்தது. தமிழரசுக் கட்சி, வடக்கையும் கிழக்கையும் இணைக்கும் இடமாகக் கருதித் திருகோணமலையை முன்வைத்தது. இந்துப் பல்கலைக்கழகம் ஒன்று யாழ்ப்பாணத்தில் வேண்டும் என்று வேறொரு சாரார் உழைத்தார்கள். வளாகம் எல்லோரும் ஒருமனப்பட்டு வரவேற்ற ஒன்றாக இருக்கவில்லை என்பதை மாணவர்கள் அறிவது நல்லது.

அதுபோலவே, தொடக்கத்தில் இங்கு சிங்கள மாணவர்களும் கற்றார்கள் என்பதையும், 1977 ஆகஸ்டில் நாட்டில் நடந்த தமிழருக்கெதிரான வன்செயல்களை அடுத்து அவர்கள் வெளியேறினார்கள் என்பதையும் விட்டுவிட வேண்டாம். பின்னர் போர் வளாகத்துக்குள்ளேயே வந்தது. 1987 ஒக்டோபரில் இந்தியப் படையினர் உலங்குவானூர்திகளில் இதன் மைதானத்தில் இறக்கப்பட்டு, அங்கே விடுதலைப் புலிகளுடன் கடும் சண்டை நடந்தது. 1989 செப்டெம்பரில் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திரணகம சுட்டுக் கொல்லப்பட்டார். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ் நகரும் திருநெல்வேலியும் அடங்கிய வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, விரிவுரையாளர்களும் மாணவர்களும் மக்களோடு குடாநாட்டின் கிழக்கேயுள்ள தென்மராட்சிக்கும், அதற்கு அப்பால் பெருநிலப்பரப்பிலுள்ள வன்னிக்கும் நடந்தார்கள். 1990 இல் கிளிநொச்சியில் அமைந்த விவசாய பீடமும் திருநெல்வேலிக்கு இடம்பெயர நேர்ந்தது. போர் முடிந்த பின்னரே அது கிளிநொச்சி அறிவியல் நகருக்குத் திரும்பியது. பொறியியல் பீடமும் அங்கேயே எழுந்தது. ஆகவே மருதனார்மடமும் கைதடியும் இடநெருக்கடி தந்தவை, கிளிநொச்சி திட்டமிட்டு எடுக்கப்பட்ட முடிவு என்று பிரித்து எழுதுவதே பொருத்தம்.

வடமராட்சி வாசகி:
மிக்க நன்றி. வவுனியாவை இந்தக் கட்டுரையில் சேர்க்கலாமா? அது இப்போது தனிப் பல்கலைக்கழகம் அல்லவா?

கொக்குவிலான்:
கட்டாயம் சேர்க்க வேண்டும். வவுனியா வளாகம் 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக இருந்து, 2021 ஆகஸ்ட் 1 ஆம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. வளாகமாகத் தொடங்கிய ஒன்று இன்னொரு வளாகத்தைப் பல்கலைக்கழகமாக்கி அனுப்பியிருக்கிறது.

பரமேஸ்வராப் பழைய மாணவர்:
வவுனியா பிரிந்ததை இழப்பாகக் கருதுவோரும் எங்களிடையே இருக்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. வன்னியிலிருந்து ஒரு பிள்ளை உயர்கல்விக்காக, குடாநாட்டின் நுழைவாயிலான ஆனையிறவைக் கடந்துதான் ஆக வேண்டும் என்ற நிலை நீங்க வேண்டியதே. கட்டுரை வெளிவந்ததும் இங்கே பகிருங்கள், மகள். பரமேஸ்வராக் காலத்துப் படங்கள் சில என்னிடம் இருக்கின்றன, மலருக்குப் பயன்படுமாயின் அனுப்பி வைக்கிறேன்.