புதுப்பிப்பு: அமெரிக்காவில் சர்ஜரி ரெசிடென்சி மாறுவதும் பறிபோவதும்

ரெசிடென்சியில் (மருத்துவப் படிப்புக்குப் பின் மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சி) காலியிடம் தேடுவது பற்றிய என் முந்தைய இழையில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி: பயிற்சியை நடத்தும் புரோகிராம் டைரக்டருக்குத் தெரியாமல் வேறு மருத்துவமனையின் புரோகிராமுக்கு மாறலாமா? முடியாது. பழைய இடத்திலிருந்து பயிற்சி விவரமும் திறன் மதிப்பீடும் வாங்காமல் புது புரோகிராம் உங்களைச் சேர்க்கக் கூடாது என்பது புரோகிராம்களை அங்கீகரிக்கும் அமைப்பான ஏசிஜிஎம்இ-யின் விதி. எனவே டைரக்டர் வேறு யார் மூலமாவது கேள்விப்படும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். மேட்சில் (ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் தேசிய முறை) கிடைத்த இடமென்றால், சேர்ந்து 45 நாளுக்குள் விலக அதை நடத்தும் என்ஆர்எம்பி அமைப்பின் விலக்கும் வேண்டும்.

முடித்த வருடங்கள் கணக்கில் வருமா? ஜெனரல் சர்ஜரியில் 5 வருடப் பயிற்சியை மூன்று புரோகிராமுக்கு மேல் பிரிக்க, சர்ஜன்களுக்குச் சான்றளிக்கும் போர்டு விடாது. கடைசி 2 வருடம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நான்காம் வருடத்தை முடித்துவிட்டு மாறினால் அதையே மறுபடி செய்ய நேரிடும். மாறுவதானால் மூன்றாம் வருட முடிவுக்குள் மாறுங்கள். கிளம்பும் முன் கேஸ் லாக்கை (நீங்கள் செய்த அறுவை சிகிச்சைகளின் பதிவு) முழுதாகப் பதிவிறக்கி வையுங்கள்.

நீக்கம் வேறு கதை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதது, அடுத்த வருடத்துக்கு ஏற்றாதது, நீக்கம் எதுவானாலும் மேல்முறையீட்டு வழி உண்டு. அதன் கெடு மருத்துவமனையின் ரெசிடென்ட் கையேட்டில் இருக்கும். முதல் நாளே பாருங்கள். "ராஜினாமா செய்தால் ரெக்கார்டு சுத்தமாக இருக்கும்" என்பார்கள். கையெழுத்திட்டால் மேல்முறையீடு பெரும்பாலும் போய்விடும், ஆனால் லைசென்ஸ் படிவங்களில் விலகிய காரணத்தைக் கேட்பார்கள். நீங்கள் விலகியது பற்றி புரோகிராம் தரும் இறுதிக் கடிதத்தின் வாசகத்தை முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

எச்-1பி (வேலை) விசாக்காரர்கள் வேலை முடிந்தபின் அமெரிக்காவில் தங்க அதிகபட்சம் 60 நாள்தான்.