எம்.சி.டி.சி. சோதனை: சக்கர நிபந்தனை இரண்டும் சிவப்பாகவே நிற்கின்றன

பாளையங்கோட்டை மாணவி:
வணக்கம். விமான மென்பொருள் சரிபார்ப்பு பயில்கிறேன். விமான மென்பொருளுக்குச் சான்று வழங்கப் பயன்படும் டிஓ-178சி விதிகளின்படி, பிழை வந்தால் பேரழிவில் முடியக்கூடிய மென்பொருளுக்கான ஏ நிலைப் பயிற்சி. தரை தொட்டதும் இறக்கைமேல் எழுந்து விமானத்தைத் தரையில் அழுத்தி வேகம் குறைக்க உதவும் ஸ்பாய்லர் தகடுகளை விரிக்கும் நிரல் இது: (இடது சக்கரத்தில் எடை அல்லது வலது சக்கரத்தில் எடை), அதோடு உயரம் 10 அடிக்குக் கீழ். மூன்று சோதனைகள் எழுதினேன்: எல்லாம் ஆம், சக்கரம் இரண்டும் இல்லை, உயரம் மட்டும் இல்லை. மூன்றும் தேறிவிட்டன. ஆனாலும் ஒவ்வொரு நிபந்தனையும் போதுமான அளவு சோதிக்கப்பட்டதா என்று எம்.சி.டி.சி. அளவுகோலால் அளக்கும் கருவி, உயரத்தை மட்டுமே பச்சையாகக் காட்டுகிறது, சக்கரம் இரண்டும் சிவப்பு. இரண்டு நாளாகத் தலையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

தச்சநல்லூர்க்காரர்:
மூன்று நிபந்தனைக்கு எட்டுச் சேர்க்கைதானே? எட்டையும் எழுதிவிடுங்கள், பச்சையாகிவிடும்.

சேரன்மகாதேவி அண்ணாச்சி:
வேண்டாம், தங்கச்சி. கன்னடியன் கால்வாயில் இரண்டு மடையையும் சேர்த்தே திறந்து சேர்த்தே அடைத்தால், வயலுக்கு எந்த மடைத் தண்ணீர் வந்தது என்று சொல்ல முடியுமா? உன் சோதனைகளில் சக்கரம் இரண்டும் ஒன்றாகவே மாறுகின்றன. மற்றவை அசையாமல் நிற்க, ஒரு நிபந்தனை தனியாக மாறி முடிவையும் மாற்ற வேண்டும், எம்.சி.டி.சி. கேட்பது அதைத்தான். மூன்று நிபந்தனைக்கு நான்கு சோதனைகளே போதும்.

ஆனால் அந்த நான்கையும் நிரலைப் பார்த்து எழுதாதே. நிரலிலிருந்து விடையை எடுத்தால் தவறான நிரலும் தேறிவிடும். மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும் தேவை ஆவணத்தைத் திறந்து, ஒரு சக்கரத்தில் மட்டும் எடை இருந்தால் என்ன நடக்க வேண்டும் என்று பார்.

பாளையங்கோட்டை மாணவி:
அண்ணாச்சி, கை நடுங்குகிறது. “இரண்டு முதன்மைச் சக்கரங்களிலும் எடை இருக்கும்போது மட்டும்” என்று இருக்கிறது. நிரலிலோ “அல்லது”! இரண்டையும் சேர்த்தே மாற்றியதால் என் சோதனைகளுக்கு வேறுபாடே தெரியவில்லை. நானே திருத்திவிடட்டுமா?

சேரன்மகாதேவி அண்ணாச்சி:
நீ தொடாதே. ஏ நிலையில் எழுதியவர் வேறு, சரிபார்ப்பவர் வேறாக இருக்க வேண்டும். பிழை அறிக்கை எழுது. சான்று வழங்கும் அதிகாரி தேவையிலிருந்து நிரல், சோதனை, முடிவு வரை தொடர்பைப் பிடித்துக்கொண்டு வருவார். அந்தத் தடத்தில் இந்தப் பிழையும் இருந்தாக வேண்டும்.

இன்னொன்றையும் கேள். 1993 செப்டம்பர் 14 அன்று வார்சாவில் ஓர் ஏ320 பயணிகள் விமானம் நனைந்த ஓடுபாதையில் வலது சக்கரம் முதலில் தொட இறங்கியது. இடது சக்கரத்தில் எடை விழச் சுமார் 9 விநாடிகள் ஆயின. அதுவரை ஸ்பாய்லர் விரியவில்லை. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் இருவர் இறந்தார்கள். மென்பொருள் எழுதியபடிதான் நடந்தது. ஆகவே, ஒரு சக்கரம் மட்டும் முதலில் தொட்டால் என்ன செய்வது என்று தேவையை எழுதியவரிடமே கேள்.

பாளையங்கோட்டை மாணவி:
அறிக்கை அனுப்பினேன், நிரல் திருந்தி வந்தது. மூன்றும் ஆம், பிறகு ஒவ்வொன்றாக இல்லை என நான்கு சோதனைகள், எல்லாம் பச்சை. ஒற்றைச் சக்கரக் கேள்வியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, விடாமல் கேட்பேன்.