பலா மரத்தில் யார் யாரை விரட்டினார்கள்? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

காட்டுவழி:
வால்பாறை, புதுத்தோட்டம் பக்கம், ஜூன் மாதம், மழை கொஞ்சம் விட்டிருந்தது. பலா மரத்தில் கருமந்திகள், அதான் இலை தின்னும் கறுப்புக் குரங்குகள், நாலைந்து இருந்தன. சிங்கவால் குரங்குக் கூட்டம் வந்ததும் பெரிய ஆண் ஒன்று கிளையை உலுக்கி எல்லாவற்றையும் விரட்டிவிட்டது, சரி, இதெல்லாம் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் தீரவில்லை. அந்த ஆண் பழத்தைப் பிய்த்துச் சுளை சுளையாகக் கன்னத்தில் அடக்குகிறது, இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் வைத்தது போல் புடைப்பு. அதே பழத்தின் மறுபக்கத்தில் ஓர் ஓட்டை, அதிலிருந்து புசுபுசுவென்று ஒரு வால் தொங்குகிறது. மலை அணில்! தலையை உள்ளே விட்டுத் தின்றுகொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் இரண்டும் ஒரே பழத்தில். குரங்குக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் விட்டுவிட்டதா?

அலகுப்பிரியன்:
தெரிந்திருக்கும். ஆனால் கருமந்தி தோற்றுப்போனது மாதிரி எழுதியிருப்பது சரியில்லை அண்ணா. அதன் வயிறு பல அறை கொண்டது, இலையையும் காயையும் புளிக்கவைத்தே செரித்துவிடும், பக்கத்து மரத்துத் தளிர் போதும் அதற்கு. சிங்கவாலுக்கு அந்த வசதி கிடையாது. பழம், விதை, பூச்சி என்று நாள் முழுக்க அலைய வேண்டும், கிடைத்ததை அள்ளி வைக்கத்தான் கன்னப் பை. நான் பார்த்தது கேரளத்து நெல்லியம்பதியில், காட்டு அத்தி மரத்தில். ரயில் வருகிற மாதிரி சிறகுச் சத்தம், இருவாச்சிப் பறவை வந்து உட்கார்ந்தது, குரங்குகள் ஒரு நொடி மெல்லுவதை நிறுத்தின. அது பழத்தை அலகு நுனியில் பிடித்துத் தூக்கிப்போட்டு விழுங்கியது. பொந்துக்குள் அடைகாக்கும் பெட்டை அது கொண்டுவரும் இரைக்குக் காத்திருந்ததோ என்னவோ.

எஸ்டேட்காரி:
அத்தியில் என்ன சண்டை? ஒரு மரம் பழுத்தால் ஒரேயடியாகப் பழுத்துக் கொட்டும், எல்லாருக்கும் போதும். பலாவில்தான் அடிதடி. இரண்டு பேரும் காட்டையே பேசுகிறீர்கள். எங்கள் எஸ்டேட் லயன் (வரிசை) வீட்டு அடுப்படி ஜன்னலில் ஒரு சிங்கவாலின் கறுப்புக் கை நுழைந்து, தக்காளிக் கூடையைத் தடவிப் பார்த்துவிட்டுப் பழுத்ததை மட்டும் எடுத்தது. என் அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

அதனால் சொல்கிறேன், இங்கே வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி பிஸ்கட் போடாதீர்கள். அவை ரோட்டில் இறங்காமல் கடக்கத்தான் பழைய தீயணைப்புக் குழாயில் மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள். கீழே தீனி கிடந்தால் மேலே எதற்குப் போகும்? குப்பைக்கூடைக்கு மூடி போடுங்கள், ஜன்னலுக்குக் கம்பிவலை அடியுங்கள், வாழைத்தாரை வாசலில் தொங்கவிடாதீர்கள், பல்லைக் காட்டி போட்டோ எடுக்காதீர்கள், அது மிரட்டல் என்று நினைத்துக்கொள்ளும்.

காட்டுவழி:
நான் பிஸ்கட் போடவில்லை அக்கா. மறுநாள் காலை திரும்பப் போனேன். பழம் வெறும் கூடாகத் தொங்கியது, அடியில் மரநாய் எச்சம், அது நிறையப் பழக்கொட்டை. ராத்திரி ஷிப்ட்டும் இருந்திருக்கிறது.