மறு: மென்டல் பிரைவசி – ‘மன அந்தரங்கம்’ போதாதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘மென்டல் பிரைவசி’, அதாவது நம் மனதில் ஓடுவதைக் கருவி வைத்துப் பிறர் நம் சம்மதமின்றி அறியாதிருக்கும் உரிமை, இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற இழையை நேற்று இரவுதான் முழுக்கப் படித்தேன். மூளைத் தனியுரிமை, மனத் தனிமை, மன இரகசியம், அகக்காப்பு என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ‘மனத் தனிமை’யை நான் ஏற்கெனவே பயன்படுத்தி மாட்டிக்கொண்டவன், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். தலையில் பட்டை போல மாட்டி மூளையலைகளைப் பதியும் ஒரு கருவியின் ஆய்வுக்காக ஒப்புதல் படிவத்தை மொழிபெயர்த்தபோது, “உங்கள் மனத் தனிமை பாதுகாக்கப்படும்” என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அந்த வரியைப் படித்த ஒரு பெரியவர், “என் தனிமையை நீங்க எதுக்குத் தம்பி பாதுகாக்கணும், அதைப் போக்கத்தானே எல்லாரும் வழி சொல்றாங்க?” என்றார். அன்றோடு அந்தச் சொல் போயிற்று.

‘தனியுரிமை’ அச்சில் வேரூன்றிவிட்ட சொல்தான், இழையில் ஐயா ஒருவர் அப்படிச் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் மென்பொருள் மொழிபெயர்ப்பில் ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே சொந்தமான மென்பொருளையும் ‘தனியுரிமை மென்பொருள்’ என்றே எழுதிப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் ‘மூளைத் தனியுரிமை’ என்று படிக்கிறவர் என் மூளைக்கு யாரோ காப்புரிமை வாங்கிவிட்டதாக நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

‘மூளை’யும் போதாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2024-இல் கொண்டுவந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் மூளையோடு நிற்கவில்லை, மைய நரம்பு மண்டலம், புற நரம்பு மண்டலம் இரண்டிலிருந்தும் அளந்தெடுக்கும் தகவலைச் சேர்க்கிறது. அதே ஆண்டு கலிபோர்னியாவும் அப்படியே. காரணம் இருக்கிறது: மணிக்கட்டில் கட்டும் பட்டையே விரல் தசைகளுக்குப் போகும் குறிப்பைப் படித்துவிடுகிறது, மண்டை வரைக்கும் போக வேண்டியதில்லை. சரி, ‘நரம்புத் தரவு’ என்று வைத்தால்? பேச்சு வழக்கில் ஊசி போட ‘நரம்பு கிடைக்கல’ என்றுதான் சொல்கிறோம், அது சிரை. ஆகவே தரவுக்கு ‘நரம்பியல் தரவு’ என்பதே என் ஓட்டு. உரிமைக்கு மட்டும் ‘மனம்’ வரட்டும், ஏனென்றால் கருவி அளப்பது மின்குறிப்பை, அதிலிருந்து ஊகிக்கப்படுவது மனதை, நாம் காக்க நினைப்பதும் அதைத்தான்.

‘மன இரகசியம்’ ஏன் சரிவராது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரகசியம் என்றால் தெரிந்தே ஒளிப்பது. ஒருவருக்கு வரிசையாகப் படங்களைக் காட்டிக்கொண்டே வாருங்கள். அவர் தேடிக்கொண்டிருக்கும் படமோ அறிந்த முகமோ இடையில் வந்தால், ஏறத்தாழ 300 மில்லிநொடி கழித்து மூளையலையில் ஒரு மேடு எழும்பும், பி300 என்று அதற்குப் பெயர். அவர் வாய் திறக்கவில்லை, பதில் சொல்லலாமா வேண்டாமா என்று முடிவுகூட எடுத்திருக்க மாட்டார், அதற்குள் குறிப்பு போய்விட்டது. ஒளிக்கவே வாய்ப்புத் தராத ஒன்றை இரகசியம் என்று எப்படிச் சொல்வது?

‘அகக்காப்பு’ அழகு. அகத்திணைப் பாட்டில் தலைவன், தலைவி பெயரைச் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருப்பதை நினைத்தால் ‘அகம்’ கைக்குப் பக்கத்தில் தயாராக இருந்த சொல் போலவே தோன்றும் (அடையாளம் நீக்கிய தரவுக்கு இதைவிடப் பழைய விதி யாரிடம் இருக்கிறது!). ஆனால் ‘காப்பு’தான் உறுத்துகிறது. யாரிடமிருந்து காப்பு? சிலியில் முன்னாள் செனட்டர் கீதோ ஹிரார்தி வாங்கிய தலைக்கருவியின் மூளைத் தரவு அதை விற்ற நிறுவனத்தின் சேமிப்பிலேயே இருந்தது. 2021-இலேயே மூளைச் செயல்பாட்டுக்கான பாதுகாப்பை அரசியலமைப்பில் சேர்த்திருந்த அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம், 2023-இல் தரவை அழிக்கச் சொன்னது. இன்னும் பத்திரமாகப் பூட்டி வையுங்கள் என்று சொல்லவில்லை. எவ்வளவு நல்ல காப்பு போட்டாலும் சாவி அவர்களிடம்தானே.

எனவே ‘மன அந்தரங்கம்’. புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

*

வணக்கம் தம்பி. தரவுக்கு ‘நரம்பியல்’, உரிமைக்கு ‘மனம்’ என்ற பிரிப்பை ஏற்கிறேன். ஆனால் ‘அந்தரங்கம்’ என்றாலே படுக்கையறை நினைவு வருகிறதே, வாரப் பத்திரிகைகள் அந்தச் சொல்லைப் படுத்தியபாடு கொஞ்சமா? சட்ட வரைவில் அதைப் பார்த்தால் நெளிய மாட்டார்களா?

*

அம்மா, நெளிவார்கள்தான், முதல் இரண்டு பக்கத்துக்கு. ஆனால் அந்த நெளிவில் எனக்கு ஒரு பயனும் தெரிகிறது. ‘எங்கள் தரவுக் கொள்கையை ஏற்கிறீர்களா’ என்ற பெட்டியில் படிக்காமலே டிக் அடிக்கிற கை, ‘உங்கள் மன அந்தரங்கத்தைப் பகிர்கிறீர்களா’ என்றால் ஒரு கணம் நிற்கும். நிற்கட்டுமே. இந்திய உச்ச நீதிமன்றம் 2010-இல் செல்வி வழக்கில், சம்மதமில்லாமல் ஒருவருக்கு நார்கோ சோதனையோ (மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் பேசவைப்பது), பொய்யறியும் சோதனையோ, மூளையலைச் சோதனையோ செய்யக்கூடாது என்றபோது கண்டித்தது மனதுக்குள் வலுக்கட்டாயமாக நுழைவதைத்தான். அந்த நுழைவின் கூச்சம் ‘அந்தரங்கம்’ என்ற சொல்லில் இருக்கிறது, ‘தனியுரிமை’யில் இல்லை.

இன்னொன்று. இந்த உரிமையோடு சேர்த்துப் பேசப்படும் ‘மென்டல் இன்டெக்ரிட்டி’க்கு யாரோ ‘மன நேர்மை’ என்று விக்சனரி என்ற இணைய அகராதிக்கு அனுப்பப் போவதாகச் சொல்லியிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். மூளைக்குள் வெளியிலிருந்து மின்தூண்டல் கொடுத்து ஒருவரைக் கெடுத்துவிடக்கூடாது என்பது பொருள், நாணயமாக நடப்பதல்ல. ‘மனச் சிதையாமை’யும் வேண்டாம், மனச்சிதைவு ஏற்கெனவே ஒரு நோயின் பெயர். ‘மன ஊறின்மை’ என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன், வாய்க்குள் புரளவில்லை. ஊறுகாய் ஞாபகம் வருகிறது என்று வீட்டில் சிரிக்கிறார்கள். வேறு ஏதாவது தோன்றினால் அனுப்புங்கள்.